வஞ்சகமும் விவாகமும்: முரண்படுவதுபோல் தோன்றும் வேத வசனங்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“ஒருவருக்கொருவர் பொய்சொல்லாமலும் இருங்கள்” என்று லேவியராகமம் 19:11 கட்டளையிடுகிறது. பார்வோனிடம் உண்மையை மறைத்த மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார் என்று யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. “தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்” என்று மல்கியா 2:16-இல் கர்த்தர் சொல்ல, எஸ்றாவின் பத்தாம் அதிகாரத்திலோ எருசலேமில் கூடிய ஜனங்கள் தங்கள் அந்நிய ஜாதி மனைவிகளை அனுப்பிவிட உடன்படுகிறார்கள். வேதபாட வகுப்பிலோ வாலிபர் கூட்டத்திலோ இந்தக் கேள்விகள் எழும்போது, “வேதத்தில் முரண்பாடே கிடையாது” என்று சொல்லிக் கேட்டவரை உட்காரவைத்துவிடுகிறார்கள். வெளியே இருப்பவர்களோ அதே வசனங்களை எதிரெதிரே அடுக்கிக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வசனங்களைப் பொறுமையாக வாசிக்கும் வேலை இரண்டு தரப்பிலும் நடப்பதில்லை.

அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதையே இந்தக் கட்டுரை படிப்படியாகக் காட்ட முயல்கிறது. யார், யாருக்கு, எப்போது சொன்னது என்ற விவரத்தைக் கழற்றிவிட்டு வசனத்தை மட்டும் தனியே எடுப்பதால்தான் இந்த மோதல்களில் பெரும்பாலானவை உண்டாகின்றன. ஆனால் அந்த விவரங்களையெல்லாம் திரும்பச் சேர்த்த பின்பும் கரையாமல் நிற்கும் சில இடங்கள் உண்டு. அவற்றைக் கரைந்துவிட்டதாகப் பாவனை செய்வது, வஞ்சகத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் சற்றும் பொருந்தாத செயல். மேற்கோள்கள் அனைத்தும் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

முதற்படி: வசனத்தின் முகவரியைக் கண்டுபிடியுங்கள்

மோதுவதாகச் சொல்லப்படும் இரண்டு வசனங்களையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் குறைந்தது பத்து வசனங்களோடு சேர்த்து வாசியுங்கள். பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்தக் கேள்விக்குப் பதிலாக அது சொல்லப்பட்டது என்பவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

“மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல” என்று ஆதியாகமம் 2:18 சொல்கிறது. “ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது” என்று 1 கொரிந்தியர் 7:1 சொல்கிறது. நல்லது, நல்லதல்ல என்று நேருக்கு நேர் நிற்கும் இந்த இணையைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் இரண்டாம் வசனத்தின் முற்பகுதியை அவர்கள் வெட்டிவிடுகிறார்கள்: “நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து நான் எழுதுகிறதென்னவென்றால்” என்றே அது தொடங்குகிறது. கொரிந்து சபையார் எழுதிக் கேட்ட கடிதம் ஒன்று இருந்தது. நம் கையில் இருப்பது பதில் கடிதம் மட்டுமே. அந்த வாக்கியம் பவுலின் சொந்தக் கருத்தா, அவர்கள் எழுதியதையே அவர் எடுத்துச் சொல்கிறாரா என்பது இன்றுவரை அறிஞர்களிடையே விவாதத்தில் இருக்கிறது. எப்படியானாலும், அடுத்த வசனத்திலேயே அவனவன் சொந்த மனைவியை உடையவனாயிருக்கவேண்டும் என்று பவுல் எழுதுகிறார். 26-ஆம் வசனத்தில் “இப்பொழுதுள்ள துன்பத்தினிமித்தம்” என்று தம் ஆலோசனைக்கான காரணத்தையும் தருகிறார். ஆதியாகமம் மனித இயல்பைப் பற்றிப் பேச, கொரிந்தியர் நெருக்கடியில் இருந்த ஒரு சபைக்கு வழி சொல்கிறது.

விதவைகள் மறுமணம் செய்யாதிருப்பது நலம் என்று கொரிந்தியரும், இளவயது விதவைகள் விவாகம்பண்ணவேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:14-உம் சொல்வதை இதே முறையில் வாசிக்கலாம். தீமோத்தேயுவின் அந்தப் பகுதி, சபையின் ஆதரவில் வைக்கவேண்டிய, 60 வயதுக்குக் குறையாத விதவைகளின் பட்டியலைப் பற்றியது என்பது தெரிந்தால் பாதிச் சிக்கல் விலகிவிடும்.

இரண்டாம் படி: நடந்ததையும் நடக்கவேண்டியதையும் பிரித்து வையுங்கள்

வஞ்சகமும் விவாகமும் ஒரே கதையில் பின்னிக் கிடப்பது ஆதியாகமத்தில்தான். ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று இருமுறை சொல்கிறார், எகிப்தில் ஒருமுறை, கேராரில் ஒருமுறை. ஈசாக்கும் அதே கேராரில் அதையே செய்கிறார். யாக்கோபு தகப்பனை ஏமாற்றுகிறார். லாபான் யாக்கோபை ஏமாற்றி லேயாளைக் கொடுக்கிறார். யாக்கோபின் மகள் தீனாளைப் பெண் கேட்டு வந்த சீகேமை யாக்கோபின் குமாரர் வஞ்சிக்கிறார்கள். தாமார் மாமனாரான யூதாவை வஞ்சிக்கிறாள். இவர்களில் பலர் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள். அப்படியானால் வேதம் வஞ்சகத்தை ஆதரிக்கிறதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

கதை ஒரு செயலை விவரிப்பதும் சட்டம் அதை அனுமதிப்பதும் வெவ்வேறு என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியான பதில், ஆனால் போதாத பதில். கதை தன் தீர்ப்பை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடுவதே பயனுள்ளது. ஆபிரகாமின் கதையில் அந்தத் தீர்ப்பு ஏமாற்றப்பட்டவர்களின் வாயில் வருகிறது. “நீ எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்?” என்று பார்வோன் கேட்கிறார், செய்யத்தகாத காரியங்களைச் செய்தாய் என்று அபிமெலேக்கு கண்டிக்கிறார். தீர்க்கதரிசி என்று அழைக்கப்பட்டவர் புறஜாதி அரசன் முன் பதிலில்லாமல் நிற்கிறார். பிறகு, “அவள் என் சகோதரி என்பதும் மெய்தான்” என்று பாதி உண்மையைச் சொல்லிச் சமாளிக்கிறார். கதாசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பதை ஊகிப்பது அத்தனை கடினமில்லை.

யாக்கோபின் கதை இன்னும் நுட்பமானது. கண் மங்கிய ஈசாக்கை ஏமாற்ற, வெள்ளாட்டுக்குட்டிகளின் தோலை ரெபெக்காள் யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் போடுகிறாள் (27:16). பார்க்க முடியாத தகப்பனிடம் இளையவன் மூத்தவனாக நடித்தான். இரண்டு அதிகாரம் கழித்து, பார்க்க முடியாத இரவில் இளையவளுக்குப் பதிலாக மூத்தவள் அவனிடம் கொண்டுவரப்படுகிறாள். “பின்னை ஏன் எனக்கு வஞ்சகம் பண்ணினீர்” என்று அவன் கேட்க, “மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல” என்கிறான் லாபான். மூத்தவனின் ஆசீர்வாதத்தைத் தந்திரமாய் வாங்கியவனுக்கு இதைவிடக் கூர்மையான பதில் இருக்க முடியாது. வெள்ளாடு அதோடு ஓய்வதில்லை. யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து, இது உம்முடைய குமாரன் அங்கியா பாரும் என்று குமாரர் யாக்கோபிடம் அனுப்புகிறார்கள் (37:31-32). அடுத்த அதிகாரத்திலேயே, முகத்தை மூடி வேசிபோல் உட்கார்ந்திருந்த தாமாருக்கு வெள்ளாட்டுக்குட்டி அனுப்புவதாகச் சொல்லி முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கோலையும் அடகாகக் கொடுத்த யூதாவிடம், இவைகள் யாருடையவைகள் பாரும் என்று அவள் கேட்டனுப்புகிறாள். யோசேப்பை விற்கச் சொன்னவன் இந்த யூதாதான். பொய் சொல்லலாமா கூடாதா என்று இக்கதை பிரசங்கம் செய்வதில்லை. ஏமாற்றியவன் எந்தப் பொருளால் ஏமாற்றினானோ அது அவன் வீட்டுக்கே திரும்பி வருவதைக் காட்டிவிட்டு நகர்கிறது.

இங்கே இன்னொரு கேள்வி மீதி இருக்கிறது. வஞ்சகத்தால் கிடைத்தது செல்லுமா? ஈசாக்கு ஆசீர்வாதத்தைத் திரும்பப் பெறவில்லை. யாக்கோபு லேயாளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுடைய வாரத்தை நிறைவேற்றினார். யோசுவா 9-இல் பழைய இரட்டுகளையும் பூசணம் பிடித்த அப்பத்தையும் காட்டி ஏமாற்றிய கிபியோனியரோடு செய்த உடன்படிக்கையை இஸ்ரவேலர் முறிக்கவில்லை. பின்னாளில் சவுல் அவர்களைக் கொன்றது குற்றமாகக் கருதப்பட்டதை 2 சாமுவேல் 21 சொல்கிறது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்பதே இக்கதைகளின் போக்கு. பிற்காலத் திருச்சபைச் சட்டம் இந்தப் போக்கிலேயே நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்: 1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098-ஆம் பிரிவின்படி, இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்து, சம்மதம் பெறுவதற்கென்றே வஞ்சித்துச் செய்த திருமணம் செல்லாது. லாபானின் வீட்டில் நடந்ததைப் போன்ற ஒரு கல்யாணம் இன்று ஒரு மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்கு வந்தால், யாக்கோபின் முடிவே அங்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் படி: கால வரிசையைப் பாருங்கள்

இது சிறிய படி. ஒரே காலத்தில் சகோதரிகள் இருவரை மணப்பதை லேவியராகமம் 18:18 தடுக்கிறது, யாக்கோபு மணந்தார். தகப்பனுக்குப் பிறந்த சகோதரியை 18:9 தடுக்கிறது, ஆபிரகாம் மணந்தார். இச்சட்டங்கள் கொடுக்கப்பட்டது சீனாய் மலையடியில் என்பதும், நியாயப்பிரமாணம் வாக்குத்தத்தத்துக்கு நானூற்றுமுப்பது வருஷத்திற்குப்பின்பு உண்டானது என்று கலாத்தியர் 3:17 கணக்கிடுவதும் நினைவிலிருந்தால் இந்த இணைகளில் பிரச்சினையே இல்லை.

நான்காம் படி: பாராட்டு எதற்கு என்று கேளுங்கள்

எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் ஆண்பிள்ளைகளைக் கொல்ல மறுத்தார்கள். பார்வோன் விசாரித்தபோது, எபிரெய ஸ்திரீகள் பலமுள்ளவர்கள், மருத்துவச்சி போகுமுன்னமே பிரசவித்துவிடுகிறார்கள் என்றார்கள். எரிகோவில் இராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரைக் கூரையின்மேல் சணல்தட்டைகளுக்குள் மறைத்துவைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்று ராஜாவின் ஆட்களிடம் சொன்னாள். இருவகையினரும் நன்மை பெற்றார்கள்.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அகுஸ்தீனார் இதைப் பற்றி எழுதியபோது, தேவன் பலனளித்தது அவர்களுடைய இரக்கத்துக்கே அன்றிப் பொய்க்கு அல்ல என்று பிரித்தார். பாடத்தில் இதற்கு ஆதாரம் உண்டு. “மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்ததினால்” குடும்பங்கள் தழைத்தன என்று யாத்திராகமம் 1:21 காரணம் சொல்கிறது. வேவுகாரரைச் சமாதானத்தோடே ஏற்றுக்கொண்டதை எபிரெயர் 11:31-உம், அவர்களை வேறு வழியாய் அனுப்பிவிட்டதை யாக்கோபு 2:25-உம் பாராட்டுகின்றன. மூன்று இடங்களிலும் பொய் பெயர் சொல்லிப் பாராட்டப்படவில்லை. அதே வேளையில், எங்கும் கண்டிக்கப்படவும் இல்லை.

அகுஸ்தீனாரின் பிரிவினை இராகாபின் விஷயத்தில் சற்று இழுபறியானது என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசலில் நின்று பொய் சொல்லாமல் அவள் எப்படி அவர்களை வேறு வழியாய் அனுப்பியிருக்க முடியும்? ஒன்பதாம் கட்டளையின் சொற்களைக் கவனித்தால் வேறொரு வழி திறக்கிறது: “பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.” நீதிமன்றத்தில் அயலானை அழிக்கும் சாட்சியே இக்கட்டளையின் நேரடி இலக்கு, கொலைகாரனிடமிருந்து அயலானைக் காப்பாற்றும் பேச்சு அதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. ஆனால் இக்கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு லேவியராகமம் 19:11-ஐ மறந்துவிடலாகாது. அது விதிவிலக்கு எதையும் சொல்லாமல் பொய்யை விலக்குகிறது. உயிரைக் காக்கச் சொன்ன பொய்க்குக் கொடுக்கும் இடத்தைப் பெண்ணின் வயதையோ பையனின் சம்பளத்தையோ மாற்றிச் சொல்லும் கல்யாணத் தரகருக்கும் கொடுக்க, இந்த வேத பகுதிகளில் எந்த ஆதாரமும் இல்லை.

ஐந்தாம் படி: தேவனே வஞ்சிக்கிறாரா?

“பொய்யுரையாத தேவன்” என்கிறது தீத்து 1:2. 1 இராஜாக்கள் 22-இலோ, இஸ்ரவேலின் ராஜாவான ஆகாபைப் போருக்குப் போகத் தூண்ட, “பொய்யின் ஆவியாய் இருப்பேன்” என்று முன்வந்த ஆவியைக் கர்த்தர் அனுப்புகிறார். இங்கே கவனிக்கவேண்டியது தீர்க்கதரிசி மிகாயாவின் நடத்தை. அந்தப் பரலோகக் காட்சியை அவர் ஆகாபின் முகத்துக்கு நேராகவே விவரிக்கிறார்: உம்முடைய தீர்க்கதரிசிகள் பொய் சொல்கிறார்கள், உமக்குத் தீங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. ஏமாற்றப்படுபவனிடமே முன்கூட்டி அறிவிக்கப்பட்ட வஞ்சகம் இது. கேட்டும் ஆகாப் மிகாயாவைச் சிறையில் அடைத்துவிட்டு, வேஷம் மாறிப் போருக்குப் போகிறான். சத்தியத்தை வெறுத்தவர்களுக்குக் கொடிய வஞ்சகம் அனுப்பப்படும் என்ற 2 தெசலோனிக்கேயர் 2:11-உம், முன்னே சொல்லப்பட்ட உண்மையை மறுத்தவர்களைப் பற்றியதே.

ஏமாந்துபோன தீர்க்கதரிசியைத் தாமே எத்தப்படப்பண்ணியதாக, அதாவது ஏமாறச் செய்ததாக, கர்த்தர் சொல்லும் எசேக்கியேல் 14:9-க்கு இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்துவதில்லை. நடப்பதனைத்தையும் கர்த்தரின் கையிலேயே வைத்துப் பேசும் எபிரெயர்களின் பேச்சு முறை இது என்று விளக்குபவர்கள் உண்டு. அந்த விளக்கம் உதவுகிறது. ஆனால் வசனத்தின் கூர்மையை முற்றிலும் மழுங்கடிப்பதில்லை.

ஆறாம் படி: பொதுவிதியா, விதிவிலக்கா?

சகோதரன் மனைவியை விவாகம்பண்ணினால் அது அசுத்தம், அவர்கள் சந்தானமற்றிருப்பார்கள் என்று லேவியராகமம் 20:21 எச்சரிக்கிறது. சகோதரன் புத்திரசந்தானமில்லாமல் மரித்தால் அவன் மனைவியை மற்றச் சகோதரன் விவாகம்பண்ணவேண்டும் என்று உபாகமம் 25:5 கட்டளையிடுகிறது. பொதுத் தடை ஒன்று, குழந்தையில்லாமல் இறந்தவனுக்காக மட்டும் விலக்கு ஒன்று என்று வாசித்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. யூத மரபு அப்படியே வாசித்தது. உயிரோடிருந்த சகோதரனின் மனைவியைச் சேர்த்துக்கொண்ட ஏரோதை யோவான் ஸ்நானகன் கண்டித்ததும் இதனோடு பொருந்துகிறது. தன் மூத்த குமாரரின் விதவையான தாமாரை யூதா தன் மூன்றாம் குமாரன் சேலாவுக்குக் கொடாமல் இழுத்தடித்ததுதான் அவளை வஞ்சகத்துக்குத் தள்ளியது என்பதும், “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்று அவன் ஒப்புக்கொண்டது ஏன் என்பதும் இங்கேதான் விளங்கும்.

இந்த இணையை வசதிக்கேற்ப வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அவருடைய அண்ணன் ஆர்தர் 1502-இல் இறந்தார். போப் இரண்டாம் ஜூலியஸ் அளித்த சிறப்பு அனுமதியின்பேரில் அண்ணியான கேத்தரினை ஹென்றி 1509-இல் மணந்தார். ஆண் வாரிசு தங்காமற்போகவே, 1527 வாக்கில் லேவியராகமத்தின் சாபம் தம்மேல் விழுந்துவிட்டதாக வாதிட்டார். மகள் மேரி 1516-இலேயே பிறந்து உயிரோடிருந்ததால், சந்தானம் என்பது ஆண்பிள்ளையையே குறிக்கும் என்று அவர் தரப்பு அறிஞர்கள் சொல்லவேண்டியதாயிற்று. பிஷப் ஜான் ஃபிஷர் உபாகமத்தைக் காட்டி எதிர்வாதம் செய்தார். கேத்தரினோ, ஆர்தரோடு தமக்கு உடலுறவே நிகழவில்லை என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றார். 1533-இல் பேராயர் கிரான்மர் அத்திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஃபிஷர் 1535-இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வேண்டிய முடிவை முதலில் வைத்துக்கொண்டு வசனத்தைத் தேடியவருக்கு லேவியராகமம் மட்டும் கண்ணில் பட்டது.

ஏழாம் படி: ஒரே சொல்லின் இரண்டு பதிவுகளை அருகருகே வையுங்கள்

மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை மணப்பவன் விபசாரம் செய்கிறான் என்று மாற்கு 10:11-உம் லூக்கா 16:18-உம் நிபந்தனையின்றிச் சொல்கின்றன. மத்தேயு 5:32-உம் 19:9-உம் வேசித்தனத்தை விதிவிலக்காக்குகின்றன. கேள்வியைக் கவனியுங்கள். மாற்குவில் பரிசேயர் கேட்பது, தள்ளிவிடுவது நியாயமா என்பது. மத்தேயுவில் கேட்பது, “எந்த முகாந்தரத்தினாலாகிலும்” தள்ளிவிடலாமா என்பது. அக்காலத்தில் யூதப் போதகரான ஷம்மாயின் மாணவர்கள் ஒழுக்கக்கேட்டுக்கு மட்டுமே தள்ளுதலை அனுமதித்தார்கள் என்றும், இன்னொரு போதகரான ஹில்லேலின் மாணவர்கள் சமையலைக் கெடுத்தாலும் போதும் என்றார்கள் என்றும் யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. மத்தேயு இந்த விவாதத்துக்குள் நின்று எழுதுகிறார். இரு நற்செய்திகளிலும் இயேசு மோசேயின் அனுமதியை இருதயகடினத்துக்குக் கொடுத்த இடமாகவே கருதி, ஆதியாகமத்துக்கே திரும்பிப் போகிறார்.

பின்னணி தெரிந்த பின்பும் நிபந்தனை ஓரிடத்தில் இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை. சபைகள் பிரிந்தது இதனால்தான். கத்தோலிக்கத் திருச்சபை மறுமணத்துக்கு இடமில்லை என்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் இடமளிக்கின்றன. 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய புராட்டஸ்டண்ட் இறையியலாளர்கள், மத்தேயுவின் விபசாரத்தோடு 1 கொரிந்தியர் 7:15-இன் கைவிடுதலையும் காரணமாகச் சேர்த்தார்கள். நம் நாட்டின் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும் என்றும், மனைவிக்கோ பொதுவாக விபசாரத்தோடு கொடுமை போன்ற வேறொரு குற்றமும் வேண்டும் என்றும் வைத்திருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தமே இந்த வேற்றுமையை நீக்கியது. மத்தேயுவின் எந்த வாசிப்பிலும் அந்தப் பாரபட்சத்துக்கு இடமில்லை.

எட்டாம் படி: மீதியை மீதியாகவே குறித்து வையுங்கள்

மேற்சொன்ன ஏழும் செய்த பின் நிற்பவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். என் தாளில் முதலில் வருவது எஸ்றா 10. ஒன்பதாம் மாதம் இருபதாம் தேதி, தேவாலயத்தின் வீதியில் ஜனங்கள் அந்தக் காரியத்தினாலும் அடைமழையினாலும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்நிய மனைவிகளை அனுப்பிவிடத் தீர்மானிக்கிறார்கள். அம்மனைவிகளில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று சொல்லி அதிகாரம் முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. ரூத் மோவாபியப் பெண். அவள் தாவீதின் பாட்டனுக்குத் தாய். மல்கியாவின் ஒரே அதிகாரம் அந்நிய தேவதையின் குமாரத்தியை மணப்பதையும், இளவயதின் மனைவியைத் தள்ளுவதையும் சேர்த்தே கண்டிக்கிறது. பவுல் வெளிப்படையாகவே வேறு வழி சொல்கிறார்: மனைவி அவிசுவாசியாயிருந்தும் உடன் வாழச் சம்மதித்தால், “அவன் அவளைத் தள்ளிவிடாதிருக்கக்கடவன்.” அதுவும் “கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது” என்ற முன்குறிப்போடு.

எஸ்றாவில் அந்த யோசனையை முன்வைப்பவர் செக்கனியா என்ற மனிதர் என்பதும், கர்த்தர் சொன்னார் என்ற வாக்கியம் அங்கே வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் எஸ்றா அதை ஏற்று நடத்தினார் என்பதும், நூல் அவரைக் கண்டிக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. இதற்குமேல் என்னால் இணைக்க முடியவில்லை. எஸ்றாவைக் காட்டி, வேற்றுமதத்து மனைவியை விட்டுவிடும்படி ஒருவருக்கு ஆலோசனை சொல்லும் போதகர், ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிக்கு நேரடியாக எழுதப்பட்ட கொரிந்தியரின் ஏழாம் அதிகாரத்தையும் அதே அமர்வில் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும்.